வாடகை அறையில் ஒரு பலிபீடம்

வேதபாடம்
வாசிக்கவேண்டிய பகுதிகள்: 2 இராஜாக்கள் 4:38-41, 6:1-7, அப்போஸ்தலர் 18:1-4, 24-26



ஆராதனை முடிந்தபின் நம் வாலிபர் என்னிடம் கொண்டுவரும் ஜெபக்குறிப்புகளில் ஒன்று திரும்பத்திரும்ப வருகிறது. "பாஸ்டர், தங்குறதுக்கு ஒரு வீடு கிடைக்க ஜெபம் பண்ணுங்க." வேலை கிடைத்துவிட்டது, சம்பளமும் வருகிறது. ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு கேட்டால் கதவு திறக்கமாட்டேன் என்கிறது. ஆகவே இந்த மாதம், ஒரே குடும்பத்தாராய் இராதவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து தங்குவதை வேதம் எப்படிப் பார்க்கிறது, நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று தியானிப்போம்.

முதலில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த தம்பி ஒருவன் நம்முடைய ஆராதனைக்கு ஒழுங்காய் வந்துகொண்டிருந்தான். கம்பெனியில் ஷிப்ட் வேலை. கூட வேலைசெய்கிற மூன்று பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். அந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அச்சமயம் நம் மூப்பர் ஒருவருடைய மாடி போர்ஷன் காலியாயிருந்தது. என் முன்னாலேயே அவரிடம் கேட்டான்.

"ஐயா, மாடி காலியா இருக்குன்னு சொன்னாங்க. நாங்க நாலு பேரு. வாடகையெல்லாம் தேதி தப்பாம குடுத்திருவோம்."

"நாலு பேருமே விசுவாசிகளா தம்பி?"

"இல்லைங்கய்யா. நான் மட்டுந்தான்."

"ஃபேமிலிக்குத்தான் தம்பி விடுறது. பசங்களுக்கு விட்டா தெருவுல நாலு விதமா பேசுவாங்க. சபைக்கும் சாட்சி கெட்டுப்போயிரும்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கையிலிருந்த வேதபுத்தகத்தை மூடிக்கொண்டு, "கர்த்தர் வழி திறப்பார் தம்பி" என்றேன். அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான். அந்தத் தம்பியைப்பற்றிப் பிற்பாடு மறுபடியும் சொல்லுவேன்.

1. ஊர் ஏன் சந்தேகிக்கிறது?

நம்முடைய ஊரில் வீடு என்றாலே குடித்தனம். புருஷன், மனைவி, பிள்ளைகள், கூட ஒரு பாட்டி. வீடு பார்க்கப் போகிற வாலிபனிடம் "என்ன வேலை?" என்று கேட்கும் முன்னே, "கல்யாணம் ஆயிருச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். சென்னையில் திருவல்லிக்கேணித் தெருக்களில் இத்தனை மேன்ஷன்கள் எழும்பினதற்கு இதுவும் ஒரு காரணம். தனியாய் வருகிற ஆண்பிள்ளைக்குக் குடித்தனத் தெருவில் இடமில்லாதபோது, ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு, பொதுக் குளியலறை என்று மேன்ஷன் அவனை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு அம்பத்தூர், ஒரகடம், சோழிங்கநல்லூர் பக்கமெல்லாம் இதே கதைதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் எட்டுப்பேர் பத்துப்பேராய்ப் படுத்திருக்கிற பிள்ளைகளின் காரியம் இன்னும் கஷ்டம்.

பெண்பிள்ளைகளுக்கோ பாரம் இரட்டிப்பு. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் வந்து இறங்குகிற சகோதரியை எதிர்வீட்டு ஜன்னல் எண்ணிக்கொண்டிருக்கிறது. அவள் தகப்பனுக்குப் பணம் அனுப்புகிறாளா, தம்பியைப் படிக்க வைக்கிறாளா என்று ஒருவரும் விசாரிக்கிறதில்லை.

வீட்டுக்காரர்கள் சொல்லுகிறதிலும் நியாயம் உண்டு. மூன்று பேர் என்று சொல்லி ஆறு பேர் தங்குகிறார்கள். குடித்துவிட்டு மொட்டைமாடியில் கூச்சல் போடுகிறார்கள். இரண்டு மாத வாடகையை வைத்துவிட்டு இரவோடிரவாய்ப் போய்விடுகிறவர்களும் உண்டு. இதெல்லாம் நடக்காத காரியம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிலர் செய்த பிழைக்காக எல்லார்மேலும் கதவைச் சாத்துகிறது உலகத்தாரின் வழக்கம். "குடும்பத்தினருக்கு மட்டும்" "சைவம் மட்டும்" என்று பலகை மாட்டி நம்மை வாசலிலேயே திருப்பி அனுப்பினபோது நம் மனது எவ்வளவு நொந்தது! அதே பலகையை நாமும் மாட்டலாமா?

2. வேதத்தில் ஒரே கூரையின்கீழ் இருந்தவர்கள்

தேவபிள்ளைகளே, வேதத்தை இந்தக் கண்ணோடு திறந்து பாருங்கள். எத்தனை பேர் குடும்பமாய் இராமல் சேர்ந்து தங்கியிருக்கிறார்கள்!

(அ) தீர்க்கதரிசிகளின் புத்திரர். எலிசாவின் நாட்களில் இவர்கள் கூட்டமாய்த் தங்கியிருந்தார்கள். ஒருநாள், நாங்கள் இருக்கிற இடம் நெருக்கமாயிருக்கிறது என்று தங்கள் குருவிடத்தில் வந்து சொன்னார்கள் (2 இரா. 6:1). இன்றைக்கு நம் பிள்ளைகள் சொல்லுகிற அதே முறையீடு! எலிசா அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. போய் மரம் வெட்டுங்கள் என்றார். நீரும் எங்களோடு வாரும் என்று ஒருவன் கூப்பிட்டபோது, அவரும் கூடவே யோர்தானுக்குப் போனார். அதனால்தான், இரவல் வாங்கின கோடரி தண்ணீரில் விழுந்த வேளையில் தேவமனுஷன் பக்கத்தில் இருந்தார். கூடப் போனவர்தான் ஆபத்தில் உதவமுடியும். கூடப் போகாத நான், "கர்த்தர் வழி திறப்பார்" என்று வாயினால் மட்டும் சொன்னேன்.

இவர்களுடைய சமையலைப்பற்றியும் வேதத்தில் எழுதியிருக்கிறது. பஞ்ச காலத்தில் ஒருவன் கீரை பறிக்கப் போய், இன்னதென்று அறியாமல் பேய்க்கொம்மட்டிக்காயை அரிந்து எல்லாருடைய பானையிலும் போட்டுவிட்டான் (2 இரா. 4:39). ஒருவன் அறியாமல் செய்தது எல்லாருக்கும் விஷமாயிற்று. சேர்ந்து வாழ்கிறதில் உள்ள ஆபத்து இதுவே. ஆனாலும் எலிசா பானையை உடைக்கச் சொல்லவில்லை, கூட்டத்தைக் கலைக்கவும் இல்லை. மாவைக் கொண்டுவரச் சொல்லிப் பானையிலே போட்டார். அதே பானையில் அதே உணவை அவர்கள் சாப்பிட்டார்கள்.

(ஆ) பவுலும் ஆக்கில்லா வீட்டாரும். கிலவுதியுராயன் யூதரை ரோமாபுரியைவிட்டுப் போகச் சொன்னதினால், ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஊர் துறந்து கொரிந்துவுக்கு வந்தவர்கள். தாங்களே வந்தேறிகள். கலியாணம் இல்லாத பவுலும் அங்கே வந்து சேர்ந்தார். கூடாரம் பண்ணுகிற ஒரே தொழிலானபடியால் அவர்களோடே தங்கி வேலைசெய்தார் (அப். 18:2,3). அந்த ஐக்கியத்தின் கனியைப் பாருங்கள். பின்பு எபேசுவில் அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை விவரித்துச் சொன்னவர்கள் இந்தப் புருஷனும் மனைவியுமே. அவர்கள் வீட்டிலேயே சபை கூடிற்று (1 கொரி. 16:19). அன்றைக்கு ஆக்கில்லா, "ஃபேமிலிக்குத்தான் விடுறது" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

(இ) பேதுருவும் தோல் பதனிடுகிற சீமோனும். செத்த மிருகங்களின் தோலில் கைவைக்கிற தொழிலை யூதர்கள் தாழ்வாய் எண்ணினார்கள். யோப்பாவில் பேதுரு அநேகநாள் தங்கினது அப்படிப்பட்ட ஒருவன் வீட்டில் (அப். 9:43). புறஜாதியாருக்குக் கதவு திறக்கிற தரிசனம் அவருக்கு வந்தது அதே வீட்டு மேல்தளத்திலே. ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற வீட்டுக்கும் பரலோகம் திறக்கும்.

(ஈ) தானியேலும் மூன்று தோழரும். அந்நிய தேசம், அந்நிய மொழி, பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். உயிருக்கே ஆபத்து வந்த இராத்திரியில் தானியேல் தன் வீட்டுக்குப் போய்த் தன் தோழருக்குக் காரியத்தை அறிவித்தான். சேர்ந்து இரக்கம் கேட்டார்கள். இரவிலே மறைபொருள் வெளிப்பட்டது (தானி. 2:17-19). தூரதேசத்தில் ஜெபிக்கிற தோழர் இருக்கிறது எத்தனை பெரிய பாக்கியம்!

(உ) ஓர் எச்சரிப்பும் உண்டு. சாலொமோனின் முன்னே வந்த இரண்டு ஸ்திரீகளும் ஒரே வீட்டில் இருந்தவர்கள், வேறொருவரும் கூட இல்லை (1 இரா. 3:17,18). அடுத்தடுத்துப் படுத்திருந்தும் ஒருத்தி மற்றவளின் பிள்ளையைத் திருடினாள். ஒரே கூரை இருந்தால் போதாது. அந்தக் கூரையின்கீழ் தேவபயம் வேண்டும்.

3. எழுப்புதல் எங்கே பற்றிக்கொண்டது?

நாம் எழுப்புதலுக்காக உபவாசிக்கிற ஜனம். அக்கினி எப்படிப்பட்ட இடங்களில் விழுந்தது என்று பார்ப்போம்.

புனேவுக்கு அருகே கேட்காவ் என்ற ஊரில் பண்டித ரமாபாய் அம்மையார் நடத்தின முக்தி ஸ்தாபனத்தில், விதவைகளும் திக்கற்ற பெண்பிள்ளைகளும் ஒன்றாய்த் தங்கியிருந்தார்கள். உலகம் அவர்களை ராசியில்லாதவர்கள் என்று தள்ளிவிட்டது. 1905 ஜூன் மாதத்தில் ஒரு விடியற்காலம் அந்தப் பெண்பிள்ளைகள் படுத்திருந்த அறையில் ஆவியானவர் ஒருத்தியை எழுப்பினார். அவள்மேல் நெருப்புப் பற்றியிருக்கிறதாகக் கண்ட கூட்டாளிப் பெண், அணைக்கிறதற்குத் தண்ணீர் வாளியை எடுக்க ஓடினாளாம். அங்கே ஊழியம் செய்த மின்னி ஆபிராம்ஸ் அம்மையார் இதை எழுதிவைத்திருக்கிறார். பிரியமானவர்களே, அதை முதலாவது கண்டது ஒரே அறையில் படுத்திருந்த இன்னொரு பெண்!

அடுத்த வருஷம், 1906 ஏப்ரலில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பட்டணத்தில் அசூசா தெரு எழுப்புதல் பற்றிக்கொண்டது. அதற்கு முன்னே வில்லியம் சீமோர் என்ற கறுப்பின ஊழியக்காரரை, அவர் பிரசங்கிக்க வந்த இடத்திலேயே கதவைப் பூட்டி வெளியே நிறுத்திவிட்டார்கள். தங்க இடமில்லாத அவரை ஓர் ஏழைக் குடும்பத்தார் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டு ஜெபத்தில்தான் அபிஷேகம் இறங்கத் தொடங்கிற்று. பூட்டினவர்களின் கதவு எழுப்புதலை இழந்தது, திறந்தவர்களின் கதவு அதைப் பெற்றுக்கொண்டது.

அதற்கும் வெகுமுன்னே, 1844-ல், லண்டனில் துணிக்கடைச் சிப்பந்திகள் கடையின் மேல்மாடியிலேயே கூட்டமாய்த் தங்கி வேலைசெய்தார்கள். அவர்களில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயது வாலிபன், கூடத் தங்கினவர்களோடு படுக்கையறையில் ஜெபிக்கத் தொடங்கினான். அந்த ஜெபத்திலிருந்து பிறந்ததுதான் ஒய்.எம்.சி.ஏ. என்கிற வாலிபர் சங்கம். 1890-ல் நம்முடைய சென்னைக்கும் வந்தது.

4. "பொல்லாங்காய்த் தோன்றுமே, பாஸ்டர்?"

1 தெசலோனிக்கேயர் 5:22-ஐக் காட்டி, பார்வைக்குத் தப்பாய்த் தெரிகிற எதற்கும் விலகவேண்டும் என்று சிலர் சொல்லுகிறார்கள். அந்த வசனத்தின் கிரேக்கச் சொல்லுக்கு "வகை" என்றும் பொருள் உண்டு. எந்த வகையான பொல்லாப்பானாலும் விலகு என்பதே கருத்து. அக்கம்பக்கத்தார் சந்தேகிக்கிற எல்லாவற்றையும் விட்டு ஓடு என்று அர்த்தமானால், ஆயக்காரரோடு பந்தியிருந்த நம் ஆண்டவர் முதலாவது குற்றவாளியாகியிருப்பார் (மத். 9:11).

ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். கலியாணமில்லாமல் ஓர் ஆணும் பெண்ணும் புருஷன் மனைவியைப்போல ஒரே வீட்டில் வாழ்கிறதற்கு வேதம் இடங்கொடுக்கவில்லை. அதில் மழுப்புகிறதற்கில்லை. அதைப் பாவம் என்கிறோம். ஆனால் நாலு வாலிபர் வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறதும், மூன்று சகோதரிகள் ஒரு சமையலறையில் சமைக்கிறதும் பாவமல்ல, அது தேவை. தேவையைப் பாவமென்று பெயரிடுகிறதும், பார்க்காததைப் பார்த்ததுபோலப் பேசுகிறதும்தான் பாவம். புறங்கூறுதலும் ரோமர் முதலாம் அதிகாரத்தின் பட்டியலில் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

இன்னும் ஒன்று. மூப்பனுக்குரிய தகுதிகளைப் பவுல் எழுதும்போது, அவன் அந்நியரை உபசரிக்கிறவனாய் இருக்கவேண்டும் என்கிறார் (1 தீமோ. 3:2). "சாட்சி கெட்டுப்போகும்" என்று பயந்து கதவைச் சாத்துகிறோமே, சாத்தின கதவே ஒரு சாட்சியல்லவா?

5. அந்தத் தம்பிக்கு என்ன நேர்ந்தது?

நாலு பேரும் தூரத்தில் ஒரு தகரக்கூரை அறைக்குப் போனார்கள். அதன்பின் மூன்று ஞாயிற்றுக்கிழமை தம்பி ஆராதனைக்கு வரவில்லை. "ரூம் சகவாசம் பாஸ்டர், பின்வாங்கிட்டான்" என்று ஒருவர் சொன்னார். நானும் அதை நம்பினேன். இன்னும் சொல்லப்போனால், நாலாம் ஞாயிறு பின்மாற்றத்தைப்பற்றிப் பிரசங்கமே பண்ணினேன்.

அந்த வாரத்தில் புதிய நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. "சார், நான் அவன் ரூம்மேட்டு. அவனுக்கு மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரியில இருக்கான்." நான் ஓடினேன். அரசு மருத்துவமனைக் கட்டிலில் கண்கள் மஞ்சளாய், எலும்பும் தோலுமாய்க் கிடந்தான். பக்கத்தில் திருநீறு பூசின ஒரு பையன் டம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தான். மூன்று பேரும் ஷிப்டை மாற்றி மாற்றிப்போட்டு இராப்பகலாய்க் கூட இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று லீவு எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பையன் என்னிடம் சொன்னான்: "சார், 'மூணு வாரமா சர்ச்சுக்குப் போகலை, எங்க பாஸ்டர் தேடிக்கிட்டு இருப்பாரு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அதான் அவன் போன்ல நம்பர் பார்த்து அடிச்சேன்."

பிரியமானவர்களே, நான் தேடவில்லை. என்னால் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்நியனாயிருந்தேன், வியாதியாயிருந்தேன் என்று ஆண்டவர் நியாயாசனத்திலிருந்து சொல்லப்போகிற வார்த்தைகளை (மத். 25:43) அன்றைக்கு அந்த வார்டிலேயே கேட்டேன். எந்தச் சகவாசம் அவனைக் கெடுத்துப்போடும் என்று பயந்தோமோ, அந்தச் சகவாசத்தைக் கொண்டே கர்த்தர் அவனைக் காப்பாற்றினார்.

அடுத்த ஞாயிறு சபைக்கு முன்பாக இதை அறிக்கையிட்டேன். மூப்பர் ஒன்றும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை அவரே ஆஸ்பத்திரிக்குப் போய், "தம்பி, நாலு பேரும் மாடிக்கு வந்திருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எல்லாம் சுமுகமாய் நடந்தது என்று சொல்லமாட்டேன். மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்தது, செருப்பு விடுகிற இடத்துக்குச் சண்டை வந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவு ஜெபம் இப்போது அந்த மாடியில்தான் நடக்கிறது. திருநீறு பூசுகிற பையன் இன்னும் நம்முடைய ஆராதனைக்கு வரவில்லை. ஆனால் நாங்கள் ஜெபிக்கும்போது டிவியை நிறுத்திவிட்டு வாசல்படியில் வந்து உட்காருகிறான்.

6. கைக்கொள்ளவேண்டியவை

சேர்ந்து தங்குகிறவர்களுக்கு:

முதலாவது, உண்மையாய் உள்ளே போங்கள். எத்தனை பேர் என்பதை மறைக்காதிருங்கள். தமிழ்நாட்டில் 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. தங்குகிற எல்லாருடைய பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, கணக்கை நோட்டில் எழுதுங்கள். வாடகை, கரண்ட், கேஸ், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் எழுதுங்கள். நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்று ஆரம்பித்த எத்தனையோ சிநேகம் சிலிண்டர் காசில் முறிந்திருக்கிறது.

மூன்றாவது, அறையில் ஒரு ஜெபநேரம் வையுங்கள். கூட இருக்கிறவர் வேறு மார்க்கத்தாரானால் அவரைக் கட்டாயப்படுத்தவேண்டாம். அவர் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும்போது சத்தமாய் அந்நியபாஷை பேசி எழுப்பவும் வேண்டாம். நீங்கள் கழுவி வைக்கிற பாத்திரமும் அவருக்கு ஒரு பிரசங்கம்.

நாலாவது, பாவத்துக்குப் பங்காளியாகாதிருங்கள். குடி, சீட்டு, போனில் அசுத்தமான காட்சிகள் அறைக்குள் வந்தால் தானியேலைப்போலத் தாழ்மையாயும் உறுதியாயும் மறுத்துவிடுங்கள். சரிப்பட்டு வராவிட்டால் ஆபிராமும் லோத்தும்போலச் சமாதானமாய்ப் பிரியுங்கள் (ஆதி. 13:8,9). பாக்கி வைக்காமல் பிரியுங்கள்.

வீடு உள்ளவர்களுக்கு:

கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கிறதற்குப் பதிலாக ஆளை விசாரியுங்கள். நிபந்தனைகளை முன்னமே எழுதிக்கொடுங்கள். வாடகை வாங்குகிறது தப்பல்ல. ஆனால் கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு வைத்து எலிசாவுக்கு அறை ஆயத்தம்பண்ணின சூனேமியாளை (2 இரா. 4:10) நினைத்துக்கொள்ளுங்கள்.

சபைக்கு:

தனியாய்த் தங்கியிருக்கிறவர்களின் விலாசங்களை நாம் எழுதி வைத்திருக்கிறோமா? ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால், பேசுகிறதற்கு முன்னே போய்ப் பார்ப்போம். பண்டிகைக்கு ஊருக்குப் போகமுடியாதவர்களை, அவர்களுடைய அறைத்தோழர்களோடு சேர்த்து நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைப்போம். சகோதரிகளின் அறைகளுக்கு நம் தாய்மார் போய் ஜெபிக்கட்டும். அப்பொழுது எதிர்வீட்டு ஜன்னலும் அடங்கும்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் சிந்திக்க:

1. பானையில் விஷம் விழுந்தபோது எலிசா கூட்டத்தைக் கலைக்காமல் மாவைப் போட்டார். நம் வாலிபருக்கு அந்த மாவு எது?
2. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தாங்களே ஊர் துறந்தவர்கள். அது பவுலுக்கு இடங்கொடுக்க அவர்களுக்கு எப்படி உதவியிருக்கும்?
3. நம் தெருவில் சேர்ந்து தங்கியிருக்கிறவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

ஜெபம்: தலைசாய்க்க இடமில்லாதிருந்த இயேசுவே, நாங்கள் சாத்தின கதவுகளுக்காக எங்களை மன்னியும். வாடகை அறைகளில் தங்கியிருக்கிற எங்கள் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும். அவர்களோடு தங்குகிறவர்களையும் ஆசீர்வதியும். அந்த அறைகளில் உம்முடைய அக்கினி இறங்கட்டும். அதை முதலாவது காண்கிறது பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவராகவே இருக்கட்டும். ஆமென்.